பெத்திபாவின் கணக்கு

63 ஆண்டு ரஷ்யாவில் வாழ்ந்தும் மாரியுஸ் பெத்திபாவுக்கு ரஷ்ய மொழி நாக்கில் படியவே இல்லை. ஒத்திகைக்கு வந்தால் பாதி பிரெஞ்சு, மீதி உடைந்த ரஷ்யன். சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று. பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர் பேச்சை நடித்துக் காட்டுவது பீட்டர்ஸ்பர்க் நடனக்காரர்களுக்கு நெடுநாள் பொழுதுபோக்கு. அவரிடம் ஆடியவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தக் கேலி தவறாமல் வரும். ஆனால் 'ரஷ்ய பாலே' என்று உலகம் இன்று எதைக் கொண்டாடுகிறதோ அதில் பெரும்பகுதி இந்த மொழி வராத மார்செய்க்காரர் அமைத்ததுதான்.

1818 மார்ச் 11 அன்று மார்செய் துறைமுக நகரில் பிறந்தவர். அப்பா ஜான் அந்துவான் நடனக்காரர், பாலே ஆசான். அம்மா விக்தோரின் நாடக நடிகை. கொட்டகை எங்கே வேலை கொடுத்ததோ அங்கே அடுப்பு மூட்டிய குடும்பம். பையனுக்கு விவரம் தெரியுமுன்பே பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபோய்விட்டார்கள். 7 வயதில் அப்பாவிடம் பாடம் தொடங்கியது. தன் கையில் அப்பா உடைத்த வயலின் வில்கள் கொஞ்சநஞ்சமல்ல என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். 9 வயதில் மேடை ஏறியாகிவிட்டது. வயலினும் பழகினார், அந்த இசைப்படிப்பு பின்னாளில் எங்கே கைகொடுத்தது என்பதற்கு வருகிறேன். 1830-ல் பெல்ஜியப் புரட்சி வெடித்தது. அப்பா வேலை பார்த்த அதே மொனே அரங்கில் ஓர் ஓபரா முடிந்து கூட்டம் தெருவுக்கு வந்தபோதுதான் கலவரம் தொடங்கியது. அரங்கை மூடினார்கள், குடும்பம் பிழைப்புக்கு அலைந்தது. பிறகு போர்தோ, நான்த். 1839-ல் அப்பாவோடு நியூயார்க் போய், கூட்டமும் சேராமல் காசும் தேறாமல் திரும்பி வந்தார். 1840-களின் நடுவில் மாட்ரிட். அங்கே ஸ்பானிய நடனங்களை உடம்பில் ஏற்றிக்கொண்டார். ஒரு காதல் விவகாரத்தில் சிக்கி ஊரை விட்டு ஓடவும் நேர்ந்தது.

இதற்குள் அண்ணன் லூசியன் பாரிஸ் ஓபராவின் நட்சத்திரமாகிவிட்டார். 1841-ல் 'ஜிசெல்' முதன்முதலாக மேடையேறியபோது கார்லோத்தா கிரிசியோடு நாயகன் அல்பிரெக்டாக ஆடியவர் லூசியன்தான். அழகர், காலும் கையும் வார்த்து எடுத்ததுபோல என்று எழுதினார்கள். மாரியுஸ் அந்த அளவுக்குத் தொழில் சுத்தமுள்ள ஆட்டக்காரர் அல்ல. பாவமும் துணைநின்று பிடிக்கும் திறமும்தான் அவர் பலம். பாரிஸில் ஒரு பெத்திபாவுக்குத்தான் இடம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பீட்டர்ஸ்பர்கிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்ததும் 1847-ல் கப்பலேறிவிட்டார். வயது 29. ஆட்டக்காரருக்கு அது பாதி ஆயுள் முடிந்த வயது.

ரஷ்யாவில் பாலே ஜாரின் சொத்து. அரங்கு, பள்ளி, உடுப்பு, பிள்ளைகளின் சாப்பாடு, எல்லாம் அரண்மனைப் பணம். சின்னக் குழந்தையாகப் பள்ளிக்குள் போகும் பெண், மேடையில் ஆடி, ஓய்வூதியம் வாங்கி வெளியே வருவாள். ஆட்களுக்கும் பணத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆனால் அந்த வசதி பெத்திபா கைக்கு வர 24 ஆண்டு பிடித்தது. மேலே முதலில் ஜூல் பெரோ, பிறகு ஆர்தர் சான் லேயோன். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள், இருவரும் பெரிய கைகள். கதையை நடனத்தால் நடத்துவது எப்படி என்பதைப் பெரோவிடமும், ஒரு தனி ஆட்டக்காரிக்கு நகைபோல ஆட்டம் செய்து பூட்டுவது எப்படி என்பதைச் சான் லேயோனிடமும் பெத்திபா பார்த்துக் கற்றார். பார்த்துக் கற்றதில் கொஞ்சம் கை நீளமும் இருந்தது. தன் மனைவி மரியா சுரோவ்ஷிகோவாவைப் பாரிஸுக்கு அழைத்துப்போய் ஆடவைத்தபோது, பெரோ அமைத்த ஒரு நடனத்தைக் கேட்காமலே நுழைத்துவிட்டார். பெரோ வழக்குப் போட்டு 1862-ல் ஜெயித்தார். ஒரு நடனத்துக்கு ஆசிரியன் உண்டு, அதைத் திருட முடியும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட முதல் வழக்குகளில் ஒன்று அது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் பிற்காலத்தில் பாலேயின் தலைசிறந்த ஆசிரியர் எனப் பெயர்பெற்றார்!

அதே 1862-ல்தான் அவருக்கு நல்ல காலமும் பிறந்தது. இத்தாலிய நட்சத்திரம் கரோலினா ரொசாத்திக்கே வசூல் சேரும் சிறப்பு நிகழ்ச்சிக்குப் புது பாலே வேண்டும். கையில் இருந்தது 6 வாரம். எகிப்தைக் களமாக வைத்து 'பாரோவின் மகள்' என்ற பெரும் காட்சியை அதற்குள் கட்டி நிறுத்தினார். ஓர் ஆங்கிலப் பிரபு பிரமிடுக்குள் ஒதுங்குகிறான், அபின் புகைக்கிறான், பழங்காலக் கனவில் விழுகிறான். இந்த அபின் முக்கியம். 15 ஆண்டு கழித்து இன்னொரு கதையில் இன்னொரு நாயகனும் புகைப்பான். பெத்திபாவிடம் நாயகன் புகைக்க ஆரம்பித்தால் கதை நிற்கப்போகிறது, நடனம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம்.

1871-ல் தலைமைப் பாலே ஆசானாக ஆனதும் அவர் வேலை செய்த விதத்தைப் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒத்திகைக்கு முன்பு பாதி வேலை வீட்டு மேசையில் முடிந்திருக்கும். காகிதக் கூழில் செய்த சின்னச் சின்னப் பொம்மைகள், சதுரங்கக் காய்கள் போல. அவற்றை வரிசையாக வைப்பார், நகர்த்துவார், கலைப்பார். பிடித்துப்போன அமைப்பைத் தாளில் குறித்துக்கொள்வார்: ஆணுக்கு ஒரு குறி, பெண்ணுக்கு ஒரு குறி, போகும் திசைக்கு அம்பு. மறுநாள் ஒத்திகைக் கூடத்தில் அந்தத் தாள்களைப் பார்த்து உயிருள்ள பெண்களை நிறுத்துவார். நட்சத்திர ஆட்டக்காரியின் தனி ஆட்டத்தைத்தான் அவள் உடம்பைப் பார்த்து அங்கேயே செய்வார். கூட்டத்தின் ஆட்டம் முழுக்கக் கணக்கு. 16 பேர் உடைந்து நான்கு நான்காகி, ஒன்றை ஒன்று ஊடுருவிப்போய், மறுபக்கம் 16 பேராகத் திரளும்போது பார்ப்பவனுக்குக் கணக்குத் தெரியாது, காற்று வீசியதுபோல இருக்கும். சங்கீதக்காரர்கள் 'நல்ல கணக்கு' என்று தலையாட்டுவார்களே, அந்தப் பொருளில் பெத்திபா 19-ஆம் நூற்றாண்டின் பெரிய கணக்கன்.

ஏறத்தாழ இதே நூற்றாண்டில் தஞ்சையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை ஒரு கச்சேரி ஒழுங்கை வகுத்தார்கள். பெத்திபாவும் இருவர் ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார்: சேர்ந்து மெதுவாக ஆடுவது, அவனுக்கு ஒரு தனி, அவளுக்கு ஒரு தனி, சேர்ந்து விரைந்து முடிப்பது. இரண்டும் அரசவைத் தயவில் வளர்ந்தவை. இரண்டும் அரசர் போன பிறகும் நிலைத்தவை. இரு பக்கத்துக்கும் தொடர்பு ஏதும் கிடையாது, ஒப்புமை மட்டும்தான். வடிவேலு வயலினில் கைதேர்ந்தவர் என்பது கொசுறுச் செய்தி.

பெத்திபாவின் வயலின் படிப்பு கைகொடுத்தது இசையமைப்பாளரிடம் பேசும்போது. 'பேசும்போது' என்பதைவிட 'உத்தரவிடும்போது' என்பது சரி. இன்ன காட்சிக்கு இன்ன தாளம், இத்தனை அளவு, இந்த இடத்தில் வேகம், இந்த இடத்தில் திடுக்கென்று நிறுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். பூன்யி, மின்குஸ் போன்ற அரங்கு இசைக்காரர்கள் தையல்காரர் அளவெடுத்துத் தைப்பதுபோலத் தைத்துக் கொடுத்தார்கள். 'உறங்கும் அழகி'க்கு வந்து சேர்ந்தவரோ சைக்கோவ்ஸ்கி. அவருக்கும் அதே உத்தரவுத் தாள்தான். அரங்க இயக்குநர் விசெவலோஷ்ஸ்கி இருவரையும் இணைத்துவைத்தார். இளவரசி அவுரோரா நூல் நூற்கும் கதிரைப் பார்ப்பது, விரலில் குத்திக்கொள்வது, வலியில் அலறுவது, ரத்தத்தைப் பார்த்து மிரண்டு ஆடுவது என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை தாள அளவு வேண்டும் என்பதுவரை பெத்திபா எழுதிக்கொடுத்தார். சிம்பொனி எழுதிய கைக்கு இது அவமானமாகப் பட்டிருக்கும் என்று நாம் நினைப்போம். சைக்கோவ்ஸ்கி அதை எடுத்துக்கொண்டு, கேட்ட அளவுக்குள் கேட்காத ஆழத்தை வைத்துக் கொடுத்தார். 1890 ஜனவரியில் மாரின்ஸ்கி அரங்கில் மேடையேறியது. ஒத்திகையைப் பார்த்த ஜார் மூன்றாம் அலெக்ஸாந்தர் நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதை சைக்கோவ்ஸ்கி தன் நாட்குறிப்பில் வருத்தத்தோடு குறித்தார். பெத்திபாவுக்கு வயது 71. அவருடைய நிறைவான படைப்பு இதுதான் என்பார்கள் பலர். என் ஓட்டு 13 ஆண்டு முந்திய 'லா பயதேர்' பாலேயின் ஒரே ஒரு காட்சிக்கு.

பயதேர் என்றால் தேவதாசி. கோல்கொண்டா ராஜா துக்மந்தா, அவன் மகள் கம்சாத்தி, வீரன் சொலோர், கோயில் நடனக்காரி நிக்கியா, அவள்மேல் ஆசைப்படும் தலைமைப் பிராமணன், தீயைச் சுற்றித் தாவும் பக்கிரிகள். செத்த புலி ஒன்றும் வரும். நிக்கியாவும் சொலோரும் காதலர்கள், ராஜா தன் மகளை அவனுக்குக் கட்டிவைக்கிறான், விழாவில் ஆடவந்த நிக்கியாவிடம் பூக்கூடை ஒன்று கொடுக்கப்படுகிறது, கூடைக்குள் பாம்பு. இந்தக் கதையில் இந்தியா எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. கோயிலில் என்ன சாமி என்றே தெரியாது. மின்குஸின் இசையில் வால்ஸ் கேட்கிறது. இன்று நிறையப் பேர் கைதட்டும் பொன்விக்கிரக ஆட்டம் பெத்திபாவுடையதே இல்லை. 1948-ல் லெனின்கிராடில் நிக்கோலாய் ஸுப்கோவ்ஸ்கி சேர்த்தது. எகிப்து, ஸ்பெயின், இந்தியா எல்லாம் பெத்திபாவுக்குக் கடைக் கண்ணாடியில் தொங்கும் துணி. மாட்ரிடில் வாழ்ந்ததால் ஸ்பெயின் மட்டும் கொஞ்சம் உண்மை.

இதில் எரிச்சல் என்னவென்றால், உண்மையான தேவதாசிகள் பிரெஞ்சு அரங்குக்குத் தெரியாதவர்கள் அல்ல. 1838-ல் புதுச்சேரி வழியாக எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று பாரிஸுக்குப் போனது. கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தில்லே என்கிற மூத்தவர், 18 வயது அமானி, இரண்டு பதின்வயதுப் பெண்கள், 6 வயதுச் சிறுமி. கூட மூன்று ஆண்கள், தாளமும் மத்தளமும் குழலுமாக. வரியத்தே அரங்கில் ஆடினார்கள். கவிஞரும் விமர்சகருமான தெயோஃபில் கோத்தியே அமானியைக் கண்டு கிறங்கிப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார். சிற்பி பார் அவளை வெண்கலத்தில் வார்த்தார். குழு லண்டனுக்கும் போனது. பிறகு அமானி லண்டனில் தூக்குப்போட்டுக்கொண்டாள் என்ற சேதியைக் கோத்தியே எழுதினார்.

இந்தக் கோத்தியேதான் மூன்று ஆண்டு கழித்து 'ஜிசெல்' கதையை எழுதியவர்களில் ஒருவர். 1858-ல் காளிதாசனை வைத்து 'சக்குந்தலா' பாலேக்குக் கதை எழுதினார். அதற்கு நடனம் அமைத்து, ராஜா துஷ்மந்தாவாகவும் ஆடியவர் லூசியன் பெத்திபா. அண்ணனின் துஷ்மந்தா தம்பியின் துக்மந்தாவாக பீட்டர்ஸ்பர்கில் வந்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தால், அண்ணன் பாரிஸில் செய்தது தம்பிக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. கோத்தியே அமானியைப் பார்த்தார், லூசியன் கோத்தியேவோடு வேலை செய்தார், மாரியுஸ் லூசியனிடமிருந்து எடுத்தார். இந்தச் சங்கிலியில் கை மாறும்போதெல்லாம் ஒரு பெண் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, கடைசியில் முத்துமாலையும் முக்காடும் மட்டும் எஞ்சின.

மூன்றாம் அங்கத்துக்கு வருவோம். நிக்கியா செத்துவிட்டாள். சொலோர் அபின் புகைக்கிறான். சொன்னேனே, கதை நின்றுவிடுகிறது. மேடையின் பின்னால் உயரத்திலிருந்து ஒரு சாய்தளம். வெள்ளை உடுப்பில் ஒரு பெண் வருகிறாள். ஒரு காலில் நின்று, உடலை முன்னே சாய்த்து, மறுகாலை முதுகுக்குப் பின்னால் நீட்டுகிறாள். அரபெஸ்க் என்பார்கள். பிறகு நிமிர்ந்து, கைகளைத் தலைக்கு மேலே வளைத்து, பின்னால் லேசாகச் சாய்கிறாள். இரண்டடி நடக்கிறாள். மறுபடி அதே அரபெஸ்க். இப்போது அவள் பின்னால் இன்னொருத்தி. இன்னொரு தடவை, மூவர். வேறு அசைவே கிடையாது. தளம் ஒரு பக்கம் இறங்கித் திரும்பி மறுபக்கம் இறங்க, அந்த வரிசை பாம்புபோல நெளிந்து மேடைக்கு வந்து நிறைகிறது. அத்தனை பேரும் நிழல்கள், எல்லாரும் நிக்கியா. 1900-ல் பெத்திபா தானே திருத்தியபோது 32 பேரை 48 ஆக்கினார். இன்று வசதியைப் பொறுத்து 32 அல்லது 24.

ஆடுபவர்களைக் கேட்டால் பாலேயில் இதைவிடப் பயங்கரமான இடம் இல்லை என்பார்கள். பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த அசைவுதான். ஆனால் முதலில் வருபவள் அதை முப்பது நாற்பது தடவை செய்தாக வேண்டும், சரிவில், ஒற்றைக் காலில், அரை இருட்டில், ஒரே உயரத்தில். கணுக்கால் நடுங்கினால் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும். மறைந்துகொள்ளத் தாவல் இல்லை, சுழற்சி இல்லை, சிரிப்பும் இல்லை. தாந்தேக்கு குஸ்தாவ் தொரே வரைந்த சொர்க்கக் காட்சிப் படங்களில் வளைந்து இறங்கும் தேவதைகளைப் பார்த்து பெத்திபா இதைச் செய்தார் என்பார்கள். துக்கத்தை ஒருத்தி நெஞ்சில் கைவைத்து அழுது காட்டலாம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தமாட்டேன் என்பதுபோல நீட்டினால் அது அழுகையைவிட மோசமாக உள்ளே இறங்குகிறது. ஒப்பாரி தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தக் காட்சியில் இந்தியா இல்லை, கோல்கொண்டா இல்லை, புலி இல்லை. துணியெல்லாம் கழன்றுவிட்ட பிறகு எஞ்சிய பெத்திபா இது.

1877-ல் முதல் நிக்கியாவாக ஆடிய எகத்தெரினா வாஸெம் கெட்டிக்காரி, வாய் உள்ளவள். தனக்குத் தந்த அசைவு பொருந்தவில்லை என்று ஒத்திகையில் ஆசானோடு மல்லுக்கு நின்றதையும், கடைசியில் பெத்திபா தானே வந்து மன்னிப்புக் கேட்டதையும் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறாள். அன்று சொலோராக நடித்தவர் லெவ் இவானோவ். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் நியாயமில்லை. ரஷ்யர், பெத்திபாவுக்கு உதவி ஆசான், கூச்சக்காரர். 1892-ல் 'நட்கிராக்கர்' திட்டம் எழுதிக்கொடுத்துவிட்டு பெத்திபா நோயில் படுத்துவிட, நடனம் முழுக்க இவானோவ் தலையில் விழுந்தது. 1895-ல் 'அன்ன ஏரி' புதிதாக மேடையேறியபோது அரண்மனை அங்கங்களைப் பெத்திபாவும், ஏரிக்கரை அங்கங்களை இவானோவும் அமைத்தார்கள். 'அன்ன ஏரி' என்றதும் உலகத்தில் எவருக்கும் மனக்கண்ணில் வருவது அந்த ஏரிக்கரைதான், இவானோவுடைய வெள்ளை அன்னங்கள்தான். பேர் மட்டும் பெரும்பாலும் பெத்திபாவுக்குப் போயிற்று. இவானோவ் 1901-ல் பணமுடையிலேயே இறந்தார். பெத்திபா இதில் அக்கிரமம் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரோவின் நடனத்தை எடுத்தாண்டவருக்கு அடுத்தவன் உழைப்பு தன் பேரில் சேருவது உறுத்தியிருக்காது.

கிழவரின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. 1901-ல் அரங்கங்களுக்குப் புது இயக்குநராக வந்த தெல்யாகோவ்ஸ்கி முன்னாள் ராணுவ அதிகாரி. பெத்திபாவைக் காலாவதியானவராகப் பார்த்தார். 1903 பிப்ரவரியில் 'மாயக் கண்ணாடி' மேடையேறியது. நவீன பாணிக் காட்சியமைப்பும் புதுமாதிரி இசையும் கிழவரின் நடனத்தோடு ஒட்டவில்லை. கூட்டம் கேலி செய்து கூச்சலிட்டது. பெத்திபாவுக்கு வயது 84. அடுத்து தயாரித்துவைத்த சின்ன பாலே ஒன்றை நிர்வாகம் மேடையேற்றாமலே நிறுத்திவிட்டது. ஆண்டுக்கு 9,000 ரூபிள் சம்பளம் மட்டும் சாகும்வரை வந்துகொண்டிருந்தது, வேலைதான் இல்லை. அந்த ஆண்டுகளின் நாட்குறிப்பு இருக்கிறது. காலில் அரிப்பு, தூக்கமின்மை, யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தது, இன்று என் பாலே ஆடுகிறார்கள், வசூல் நிறைந்தது, இயக்குநர் ஒரு அயோக்கியன். ஒரு மகாகலைஞனின் அந்தரங்கம் என்று நினைத்துப் படிக்கப் போனால் ஓய்வுபெற்ற குமாஸ்தாவின் கணக்குப் புத்தகம் கையில் சிக்குகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அவர் தன்னை எப்போதும் அரங்கின் வேலைக்காரராகவே பார்த்தார். 1906-ல் நினைவுக் குறிப்பு வெளியிட்டு இயக்குநரை வெளுத்து வாங்கினார். 1907-ல் உடம்புக்காகக் கிரிமியாவின் குர்ஸூஃப் ஊருக்குப் போனார். 1910 ஜூலை 14 அன்று அங்கேயே இறந்தார். பிரான்ஸ் தன் புரட்சிநாளைக் கொண்டாடும் தேதி அது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 1910 ஜூனில், தியாகிலெவ் தன் ரஷ்யக் குழுவோடு பாரிஸ் ஓபராவில் 'ஜிசெல்' ஆடிக்காட்டினார். கர்சாவினாவும் நிஜின்ஸ்கியும் ஆடினார்கள். பாரிஸ் அந்தப் பாலேயை 1860-களிலேயே கைவிட்டு மறந்துவிட்டிருந்தது. பீட்டர்ஸ்பர்கில் அதைத் திரும்பத் திரும்பத் தூசி தட்டி, திருத்தி, ஆடவைத்துக் காப்பாற்றியவர் பெத்திபா. இன்று உலகம் பார்க்கும் 'ஜிசெல்' அவர் கைபட்ட 'ஜிசெல்'. அண்ணன் முதலில் ஆடியதைத் தம்பி பத்திரப்படுத்தித் திருப்பி அனுப்பினார் என்று சொல்லலாம். பாரிஸ்காரர்கள் அதை ரஷ்யச் சரக்கு என்றே பார்த்தார்கள்.

'லா பயதேர்' இன்னும் தாமதம். 1961 மே மாதம் லெனின்கிராட் கிரோவ் குழு, அதாவது பழைய மாரின்ஸ்கி, பாரிஸில் நிழல்கள் காட்சியை ஆடியபோதுதான் மேற்கு நாடுகளின் கவனம் அதன்மேல் விழுந்தது. சொலோராக ஆடிய 23 வயது ருடோல்ஃப் நூரேயெவ் அடுத்த மாதமே பாரிஸ் விமானநிலையத்தில் குழுவை விட்டு ஓடி அடைக்கலம் கேட்டார். 1992-ல் எய்ட்ஸ் நோயில் உடல் உருகியிருந்த நிலையில் முழு 'லா பயதேர்'ஐ பாரிஸ் ஓபராவில் அவர் அமைத்ததுதான் அவருடைய கடைசி வேலை. மூன்று மாதத்தில் இறந்தார். பெத்திபா மேற்கே வந்து சேர இன்னொரு வழியும் இருந்தது. ஸ்தெபானோவ் என்பவர் கண்டுபிடித்த முறையில் பெத்திபாவின் பாலேக்கள் பல குறியீடாக எழுதிவைக்கப்பட்டிருந்தன. புரட்சிக்குப் பிறகு நிக்கோலாய் செர்கேயெவ் என்பவர் அந்தக் குறியீட்டுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ரஷ்யாவை விட்டு வெளியேறினார். 1930-களில் லண்டனில் அவற்றைப் பார்த்துப் பாலேக்கள் மேடையேறின. ஆங்கில பாலே அதில்தான் காலூன்றியது. கட்டுகள் இன்று ஹார்வர்டில் இருக்கின்றன. அவற்றை வைத்து 2002-ல் மாரின்ஸ்கி அரங்கு 1900-ஆம் ஆண்டு 'லா பயதேர்'ஐ மீட்டெடுத்துக் காட்டியபோது ரஷ்யர்களே சிலர் முகம் சுளித்தார்கள். சோவியத் காலத் திருத்தங்களுக்குக் கண் பழகிவிட்டிருந்தது.

நம் பக்கத்துக்கும் ஒரு நூல் வந்து சேர்கிறது. 1902-ல் மாரின்ஸ்கியில் நிக்கியாவாக ஆடி நிலைபெற்றவர்களில் ஒருவர் அன்னா பாவ்லோவா. 1920-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் அவருக்கும் ருக்மிணி தேவிக்கும் பழக்கம் ஏற்பட்டது. ருக்மிணி தேவி முதலில் கற்றது பாலேதான், பாவ்லோவா குழுவின் ஆட்டக்காரி ஒருவரிடம். உன் நாட்டு நடனத்தைப் போய்த் தேடு என்று பாவ்லோவா சொன்னதும், 1935-ல் அடையாற்றில் மேடையேறியதும், கலாக்ஷேத்ராவும் தெரிந்த கதை. பொய்த் தேவதாசியாக ஆடிய ஒருத்தி, உண்மைத் தேவதாசிகளின் கலையை வேறு கைகளுக்குக் கொண்டுபோன ஒருத்திக்கு வழி காட்டினாள். அமானிகளின் பேத்திகளுக்கு இதில் என்ன கிடைத்தது என்பது கேட்க வேண்டிய கேள்வி. சென்னையில் பிறந்து லண்டனில் வேலை செய்யும் ஷோபனா ஜெயசிங் 2015-ல் அமானியையும் பெத்திபாவின் பாலேயையும் எதிரெதிரே வைத்து ஒரு படைப்புச் செய்தார். 2024-ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் பெத்திபாவின் நடனத்தை வைத்துக்கொண்டு கதையை மட்டும் பழைய ஹாலிவுட்டுக்கு மாற்றிப் பார்த்தது. கதையைக் கழற்றினாலும் நடனம் நிற்கிறது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். நூரேயெவ் அமைத்த பாரிஸ் ஓபரா 'லா பயதேர்' பதிவு கிடைக்கிறது. இசபெல் கெரான் நிக்கியா, லோரான் இலேர் சொலோர். முதல் இரண்டு அங்கங்களையும் பார்த்துக் கோபப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் காத்திருக்கும். நேரே மூன்றாம் அங்கத்துக்குப் போங்கள். சாய்தளத்தில் முதலில் இறங்குகிற பெண்ணை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு, அவள் கீழே வந்து சேரும்வரை வேறு யாரையும் பார்க்காதீர்கள். அடுத்த தடவை வரிசை முழுவதையும் பாருங்கள். அதற்குப் பிறகு, கோபத்தோடு, தொடக்கத்திலிருந்து பாருங்கள்.